கேட்டுக்கொண்டே கிடந்தவன்

என் இடது கட்டைவிரலில் உணர்ச்சி கிடையாது. எரிகிற தீக்குச்சியை அதன்மேல் வைத்தால், தோல் கருகி நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்த விரலுக்கு என்ன ஆனது என்று கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தையில் சொன்னேன், சேவற்சண்டைக் கூடத்தில் சொன்னேன், பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்று சொன்னேன். அப்போதெல்லாம் கதாநாயகன் நான்தான். இப்போது அப்படிச் சொல்வதில்லை. விரல் என்னுடையதுதான், கதை தர்சிலாவுடையது.

ஒலாங்கோ தீவில் எங்கள் கரையில், அலைச்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருப்பாள். இடது பக்கம் ஒரு வாளி நிறைய உயிருள்ள கூம்புச் சங்குகள். எதிரே பலகையில் திருகி வைத்த இரும்புப் பிடி. வலது பக்கம் ஐஸ் பரப்பிய தட்டு. சங்கைப் பருத்த பின்முனையில் பிடித்து எடுப்பாள். பிடியில் வைத்துத் திருகினால் ஓடு நொறுங்கும். சதையைக் கிளறி, அவித்த சேமியா மாதிரி வெளுத்த ஒரு குழாயை இழுத்து எடுப்பாள். அதில்தான் விஷம். ஐஸில் இருக்கும் குப்பியில் அதைப் போட்டுவிட்டு அடுத்த சங்கை எடுப்பாள். மதியத்துக்குள் நாற்பது முடித்துவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் அவிலா வந்து வாங்கிக்கொண்டு போவார்.

புதிதாக வருகிறவர்கள் அவளை ஊமை என்றே நினைப்பார்கள். கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒருமுறை அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை வெறுங்கையால் தூக்கி வைத்தாள். கை சிவந்து கொப்பளித்தது. "ஐயோ, கையைப் பாரு!" என்று நான் கத்தினேன். பார்த்தாள். துணியைச் சுற்றிக்கொண்டு சோற்றை எடுத்துப் போட்டாள்.

ஆனால் இவளை அந்தக் காலத்தில் பார்த்திருக்க வேண்டும்! பக்கத்துத் தீவான போஹோலிலிருந்து என் கூட்டாளி சிமோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அவள் வாய்க்குப் பயப்படாத ஆம்பளை எங்கள் கரையில் கிடையாது. நானும் சிமோவும் ஒரே படகு. காற்று வருகிற கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் இறங்கிச் சங்கு பொறுக்குகிற தொழில். படகு கரைக்குத் திரும்பும்போதே அவள் குரல் தண்ணீர்மேல் வந்துவிடும். "எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? சோறு ஆறி அவலாப் போச்சு!" சிமோ சிரிப்பான். "கேட்டியா பானோ, வீடு பக்கத்துல வந்துருச்சு" என்பான். என் பெயர் உர்பானோ. அந்தக் குரல் கேட்டால்தான் அவனுக்குப் பசியே எடுக்கும்.

இனி சொல்ல வேண்டியது அந்தத் திருநாளைப் பற்றி. சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் புனிதரின் திருநாள். சாயங்காலம் தேர்ப்பவனி. சொரூபத்தைத் தோளில் சுமக்கிற எட்டுப் பேரில் அந்த வருஷம் சிமோவும் ஒருவன். தர்சிலாவுக்கு அது பெரிய பெருமை. வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். "பவனி முடியற வரைக்கும் ஒரு சொட்டு கள்ளு உள்ள போகக் கூடாது. போச்சுன்னா வீட்டுப் படி ஏறாத" என்று காலையிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள்.

திருநாளாக இருந்தாலும் காலையில் ஒரு முக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று நானும் அவனும் போனோம். அன்றைக்கு அவனுக்கு ஒரு சங்கு கிடைத்தது. உதடு உடையாத, கீறல் இல்லாத சங்கு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. குற்றம் குறை இல்லாத சங்கை மற்றவற்றோடு வலைப்பையில் போடமாட்டோம். ஒன்றோடொன்று மோதி உதடு உடைந்தால் காசு கொடுத்துச் சங்கு சேகரிப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள். அதனால் அந்த ஒன்றை மட்டும் இடுப்பில் சட்டைக்குள் செருகிக்கொள்வோம். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். சிமோவும் செருகிக்கொண்டான். அது அகல்வாயன். ஓடு மெலிந்து, வாய் அகன்று, பழுப்பு நிறத்தில் வலை பின்னியது மாதிரி இருக்கும். எல்லாச் சங்கும் குத்தும் என்று எங்களுக்குத் தெரியும். இது குத்தினால் வலிக்கவே வலிக்காது என்பது எங்களுக்குத் தெரியாது.

கரைக்கு வந்ததும் நான் ஒரு கிளாஸ் சிவப்புக் கள்ளை நீட்டினேன். வேண்டாம் என்றான். "அடப் பாவி, திருநாள்ல ஒரு கிளாஸ்கூடவா? பொண்டாட்டிக்கு இவ்வளவு பயந்தவனை நான் பாத்ததே இல்ல" என்று சீண்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். ஒன்றே ஒன்று. மாதா சத்தியமாக ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கால் பின்னியது. கண்ணிமை பாதி இறங்கியது. என்னவோ சொல்ல வந்தான், நாக்கு புரளவில்லை. "ம்... ழ..." என்று குழறினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுற்றி நின்றவர்களிடம் அவன் மாதிரியே கண்ணைச் சொருகி, நாக்கைத் தடித்து வைத்துக் குழறிக் காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனைத் தோளில் சாய்த்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மூங்கில் கட்டிலில் போட்டேன். "உன் புருஷன் ஏத்திக்கிட்டான். தூங்கட்டும், பவனிக்குள்ள எழுந்துடுவான்" என்று தர்சிலாவிடம் சொன்னேன். வாசலில் நின்று இன்னொரு தடவை குழறிக் காட்டினேன். பிறகு பன்றி சுடுகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

அவள் என்ன செய்தாள் என்பதை அவளே ரொம்பக் காலம் கழித்து ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் எனாமல் தட்டை வைத்துக்கொண்டு சங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தாளாம். பிரித்தபடியே திட்டினாளாம். "சத்தியம் பண்ணினியேடா... எட்டுப் பேர்ல ஒருத்தனாக் கூப்டாங்களே, ஊர் சிரிக்கப் போகுது. இப்படிக் கெடக்கறதுக்குச் செத்துத் தொலையலாம் நீ." இன்னும் என்னென்னவோ. அவன் மூச்சு மட்டும் லேசாக இழுத்துக்கொண்டிருந்ததாம். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க ஆத்திரம் தாங்காமல், இனிமேல் இவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பவனி மணி அடித்ததும் வெள்ளைச் சட்டையோடு உள்ளே போனாள். அவன் சில்லிட்டுக் கிடந்தான்.

குளிப்பாட்டும்போது இடுப்பில் ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளி. சட்டைக்குள் அந்தச் சங்கு அப்படியே இருந்தது, கீறல்கூட இல்லாமல். கஞ்சி போட்ட சட்டையைத்தான் அவனுக்குப் போட்டு எடுத்துப் போனோம். தர்சிலா அழவில்லை. அன்றைக்கு மூடிய வாய் பதினோரு வருஷம் சரியாகத் திறக்கவில்லை.

நான் அழுதேன், ஊரே பார்க்க அழுதேன். ஆனால் அவன் குடித்திருக்கிறான் என்று சொன்னது நான்தான் என்பதைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நாள் போகப் போக, அது எனக்கே மறந்துவிட்டது மாதிரி நடந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மிஸ் அவிலா வந்தார். சங்கின் விஷம் வேண்டும், உடைத்து எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். அந்த வேலைக்கு யாரும் முன்வரவில்லை. தர்சிலா போய் உட்கார்ந்தாள். புருஷனைக் கொன்ற ஜந்துவைப் பழிவாங்குகிறாள் என்று ஊர் பேசியது. ஊருக்கு வேறு என்ன வேலை! அவளுக்கு வேண்டியது வேறு. அதை நான் பல்கலைக்கழகத்தில்தான் கண்டேன்.

ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் அவளும் நானும் மிஸ் அவிலாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தவளைக் காலை, நரம்போடு சேர்த்து எடுத்து உப்புத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். நரம்பு இரண்டு வெள்ளிக் கம்பிகள்மேல் நூல் மாதிரி கிடந்தது. மிஸ் அவிலா ஒரு பொத்தானைத் தட்டினார். பெட்டியின் திரையில் பச்சைக் கோடு ஒன்று துள்ளியது. தவளைக் கால் உதைத்தது. நான் பின்னால் தாவிவிட்டேன்.

"பயப்படாதீங்க மனோங்" என்று மிஸ் அவிலா சிரித்தார். எங்கள் பேச்சில் மனோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா. "நரம்பு வெறும் கம்பி இல்ல. வழி நெடுக சின்னச் சின்னக் கதவு இருக்கு. ஒரு கதவு திறந்தா உப்பு உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல்தான் மின்சாரம். அதுல பக்கத்துக் கதவு திறக்கும், அப்புறம் அடுத்தது. இப்படியே ஓடி வந்து தசையைத் தட்டும். சில சங்கோட விஷம் கதவைச் சாத்தவே விடாது, மீன் அப்படியே விறைச்சுப் போயிடும். சிலது பூட்டிடும், மீன் துவண்டுடும். அகல்வாயன் பூட்டற ஜாதி. இப்பப் பாருங்க."

அகல்வாயன் விஷத்தில் ஒரு சொட்டைக் காலில் விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானைத் தட்டினார். பச்சைக் கோடு முன்போலவே துள்ளியது. கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். கோடு துள்ளியது, கால் கிடந்தது.

"நரம்புல சேதி ஓடி வருது. நரம்பும் தசையும் சேர்ற இடத்துல பூட்டிக் கெடக்கு" என்றார்.

"எங்க படகு என்ஜின் மாதிரி. பேட்டரி இருக்கு, வயர் இருக்கு, ஸ்டார்ட் மட்டும் ஆகாது" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். தர்சிலா மட்டும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூளைக்கு?" என்று கேட்டாள். அவள் குரல் துருப்பிடித்துப் போயிருந்தது.

"மூளைக்குள்ள போக இதுக்கு வழி கிடையாது, மனாங்."

"அப்பக் கேக்குமா?"

"யாருக்கு?"

"இது குத்தினவனுக்கு. அசையாமக் கெடக்கும்போது. பக்கத்துல பேசினா காது கேக்குமா?"

மிஸ் அவிலாவுக்குச் சிமோவின் கதை தெரியும். பொய் சொல்லத் தெரியாத பெண். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தெரியல மனாங். பொழச்சு வந்து சொன்னவங்களை நான் பாத்ததில்ல. மூச்சு கொறைய ஆரம்பிச்சதுமே மயக்கம் வந்திருக்கலாம். சீக்கிரமே வந்திருக்கும்."

"யாராவது மூச்சு குடுத்துக்கிட்டே இருந்தா?"

"விஷம் ஒரு நாள்ல கரைஞ்சு போயிடும். அதுவரைக்கும் மூச்சு குடுத்தா எழுந்து உக்காந்துடுவாங்க."

தர்சிலா தலையாட்டினாள். சீக்கிரமே மயக்கம் வந்திருக்கும் என்ற அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் அவள் திரும்பினாள். அதை வைத்துத்தான் மிச்ச வருஷங்களை ஓட்டினாள் என்று நினைக்கிறேன். மிஸ் அவிலா அடுத்த மாதம் ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கிற வித்தையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆம்பளைகள் எல்லாம் பொம்மையைப் பார்த்துக் கேலி பேசினோம். நான் அதற்கு முத்தம் கொடுத்து விசில் வாங்கினேன். தர்சிலா மட்டும் பொம்மையை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் வைத்திருந்து பழகினாள்.

இனி என் முட்டாள்தனம். சிமோ செத்த பிறகு இடுப்பில் சங்கு செருகுவதை நாங்கள் எல்லாரும் விட்டுவிட்டோம். ஆனால் இன்னொன்றை விடவில்லை. உயிருள்ள சங்கின்மேல் பழுப்பாக ஒரு தோல் இருக்கும். அதைச் சுரண்டினால்தான் கீழே உள்ள கோலம் தெரியும், அரிய சங்கா சாதாரணமா என்று புரியும். உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் சுரண்டுவோம். அவசரக்குடுக்கை நான்! ஒரு நாள் காலை, கடல் உள்வாங்கிக் கிடந்த வற்றத்தில், கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒன்றைச் சுரண்டினேன். கட்டைவிரல் அடியில் சுருக் என்றது. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. கோலம் தெரிந்தது. அகல்வாயன்.

கையை உதறினேன். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. தர்சிலாவைக் கூப்பிடலாம் என்று நடந்தேன். மணல் எனக்கு எதிராக எழுந்து வந்தது. என் ஒன்றுவிட்ட தம்பி குலாஸ் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். "என்ன மனோங், காலங்காத்தாலேயே ஏத்திக்கிட்டியா?"

நான் பதில் சொன்னேன். என் காதுக்கே அது குழறலாகக் கேட்டது.

ஐஸ் தட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. "அவன் குடிக்கலடா!" என்று ஒரு குரல். பதினோரு வருஷமாக நான் கேட்காத குரல், ஆழ்கடலில் போகிற படகைக்கூடத் திருப்பிக் கொண்டுவருகிற குரல். "குலாஸ், படகை எடு! அவன் குடிக்கல!"

வற்றத்தில் படகு கரைக்கு வராது. கால் மைல் தூரம் முழங்கால் தண்ணீரில் என்னைப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் கால் போய்விட்டது, கை போய்விட்டது. இமை தானாக மூடிக்கொண்டது, திறக்க முடியவில்லை. உள்ளே நான் முழுசாக இருந்தேன். தண்ணீர் சலசலப்பு, குலாஸின் மூச்சிரைப்பு, பலகையில் நகம் உரசுகிறது, எல்லாம் கேட்டது. என் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்ததும் எனக்குத் தெரிந்தது. நெஞ்சைத் தூக்கு, தூக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நெஞ்சு கேட்கவில்லை. படகில் கிடத்தியபோது மூச்சு நின்றது.

அவள் வாய் என் வாய்மேல் வந்து அமுங்கியது. ஊதினாள். நெஞ்சு ஏறியது.

"மனாங், அவன் போயிட்டான்" என்றான் குலாஸ். "அவன் இமையைத் தூக்கிப் பாத்தேன், உயிரே இல்ல. பாவம் மனோங்... அவன் சேவலை நான் பாத்துக்கறேன்."

"நீ என்ஜினைப் பாரு."

ஊதினாள். என் காதோரம் வந்தாள். "பானோ, நீ உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும். சேதி போய்ச் சேரல, அவ்வளவுதான். நான் நிறுத்த மாட்டேன். பயப்படாத." மறுபடி ஊதினாள். பொம்மைக்குக் கொடுத்த மாதிரியே, எண்ணி எண்ணி. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததும் கிடையாது, அந்த வார்த்தை அளவுக்கு எதுவும் என்னைப் பிடித்து நிறுத்தியதும் கிடையாது. சொல்வதற்கு வெட்கமில்லை.

நடுக் கால்வாயில் அலை தூக்கிப் போட்டது. ஊதுவதற்கு நடுவில் அவள் இன்னொன்றும் சொன்னாள். ரொம்ப மெதுவாக. "சிமோ, நான் சும்மாதான் சொன்னேன். அப்படிச் சொல்றதுதானே என் வாய்... சும்மாதான் சொன்னேன்." பிறகு ஊதினாள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் மக்தான் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு மெஷினில் மாட்டினார்கள். அதுவரை அவள் வாயை எடுக்கவில்லை. மறுநாள் மதியம் என் கால் பெருவிரல் அசைந்தது. சாயங்காலம் கண் திறந்தது. அதற்கு மறுநாள் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்தேன். இந்த வாயை எடுத்து அடுப்பில் வைக்க வேண்டும்.

கட்டிலைச் சுற்றி குலாஸ், மிஸ் அவிலா, இரண்டு நர்சுகள். சுவரோரம் பெஞ்சில் தர்சிலா, உதடு வெடித்துப் புண்ணாகி உட்கார்ந்திருந்தாள்.

"டேய் குலாஸ்! என் சேவல் உனக்கா? என் பொணம் சில்லிடறதுக்குள்ளயா?" என்றேன். குலாஸின் முகத்தில் ஈயாடவில்லை. "மனோங்... நீ... கேட்டியா?" நர்சுகள் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மிஸ் அவிலா நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். "மயக்கமே வரலையா மனோங்? மூச்சு கொறைஞ்சப்பகூடவா?"

"மயக்கமாவது! ஒண்ணு விடாமக் கேட்டேன். கை கால் விழுந்தப்பவே கேட்டேன், மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பவும் கேட்டேன். இன்னும் சொல்லப்போனா அப்பதான் காது ரொம்பக் கூர்மையா இருந்துச்சு. பக்கத்துல ஒரு ஈ பறந்தாக்கூடச் சொல்லியிருப்பேன்."

பெஞ்சு கிறீச்சிட்டது. தர்சிலா எழுந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. மிஸ் அவிலா பேனாவை மூடி வைத்துவிட்டார். சிமோவும் மூச்சு இழுத்துக்கொண்டுதானே கிடந்தான். சீக்கிரமே மயக்கம் வந்திருக்கும் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியை நான் உடைத்துவிட்டேன். என் உயிரைக் கொடுத்தவளுக்கு நான் செய்த கைம்மாறு!

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். இறங்கினதும் நேரே கொட்டகைக்குப் போனேன். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். பெருமைக்காக அளந்தேன், பாதி நேரம் எனக்கு நினைவே இல்லை என்று சொல்லிவிடுவது. என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியுமே, நம்பிவிடுவாள்.

அவள் சங்கு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"தர்சிலா, ஆஸ்பத்திரியில நான் சொன்னது..."

"தட்டை நான் வெளிய எடுத்துட்டுப் போயிட்டேன், பானோ" என்றாள்.

"என்னது?"

"திட்டினது போகட்டும். அவனுக்கு என் வாய் பழக்கம். திட்டிக்கிட்டே பக்கத்துல இருந்திருக்கலாம். தட்டை எடுத்துட்டு வெளிய போயிட்டேன். நான் போறது அவனுக்குக் கேட்டிருக்கும்ல?"

தயார் பண்ணி வைத்திருந்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது இன்னொன்று இருந்தது. பதினோரு வருஷமாக நான் கொடுக்காதது.

"தப்பு உன்னுது இல்ல. குடிச்சிருக்கான்னு சொன்னது நான். ஒரே ஒரு கிளாஸ்தான் குடிச்சான். அதையும் நான்தான் கட்டாயப்படுத்திக் குடுத்தேன். நான் அப்படிச் சொல்லலேன்னா நீ அவனைப் பாத்திருப்ப. என்னை மன்னிச்சுடு தர்சிலா."

அவள் பிடியைத் திருகினாள். ஓடு நொறுங்கியது. குழாயை இழுத்துக் குப்பியில் போட்டாள்.

"தெரியும்" என்றாள். "அவனுக்கும் தெரியும். நீ சொன்னதையும் கேட்டுக்கிட்டுதானே கெடந்தான். வாசல்ல நின்னு அவன் மாதிரியே கொழறிக் காட்டினியே, அதையும் கேட்டிருப்பான்."

கோபத்தில் சொல்லவில்லை. வற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். படகில் கிடந்தபோது குலாஸ் சேவலைக் கேட்டது என் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால், காலங்காத்தாலேயே ஏத்திக்கிட்டியா என்று அவன் பல்லைக் காட்டியது எப்படி இருந்தது என்றும் தெரியும். அந்த இடத்தில் சிமோ கிடந்தான், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் கடைசியாகக் கேட்ட கூட்டாளியின் குரல் அது.

பலகையை விடாமல் கேட்டேன். "இவ்வளவும் தெரிஞ்சும் எனக்கு எதுக்கு மூச்சு குடுத்த?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள்.

"நீ உள்ள இருந்தியே பானோ. அது எனக்குத் தெரியும்ல" என்றாள்.

பிறகு காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். வாளியிலிருந்து சங்குகளைப் பின்முனையில் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், அவள் உடைத்தாள். ஐஸ் கரைகிற வரைக்கும் அப்படியே செய்தோம். கடைசிச் சங்கு முடிந்ததும் கட்டைவிரலைப் பலகையில் வைத்து நன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.